கேத்தலில் 2000 வாட் என்று இருக்கிறது, கணக்கில் 1450 தான் வருகிறது. மிச்சம் எங்கே போகிறது?

நோர்வூட் தம்பி | ஞாயிறு, இரவு 8.15

வணக்கம் எல்லாருக்கும். தங்கச்சி பதினோராம் வகுப்பு, இந்த முறை சாதாரண தரம் எழுதப் போகிறாள். வோல்ட்டும் அம்பியரும் கொடுத்துத் தடையையும் வலுவையும் கேட்கிற கணக்குகளைச் செய்துகொண்டிருந்தாள், அப்போது நம் வீட்டுக் கேத்தலையே கணக்காக எடுத்துப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். கேத்தலின் அடியில் 220–240 வோல்ட், 1850–2200 வாட் என்று அச்சடித்திருக்கிறது. நடுவில் 230 வோல்ட், ஏறக்குறைய 2000 வாட் என்று எடுத்தாள். 2000 ÷ 230 = 8.7 அம்பியர். 230 ÷ 8.7 = 26.4 ஓம். சரி.

சிக்கல் அதற்குப் பிறகுதான். போன மாதம் அதே கேத்தலை ஹட்டன் டவுனில் சித்தி வீட்டுக்குக் கொண்டு போயிருந்தோம். அங்கே ஒன்றரை லீட்டர் தண்ணீர் நாலரை நிமிடத்தில் கொதித்துவிட்டது. தங்கச்சிக்கு எதையும் போனில் நேரம் பிடித்து எழுதி வைக்கிற பழக்கம், அதனால் தெரியும். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அதே ஒன்றரை லீட்டருக்கு ஆறேகால் நிமிடம். கடையில் கேட்டால் கொயில் பலவீனமாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். கூட்டாளியிடம் மல்டிமீட்டர் இரவல் வாங்கிக் குசினிப் பிளக்கைப் பார்த்தேன். ஒன்றும் போடாமல் 222 வோல்ட். இரட்டைப் பிளக்கில் ஒரு பக்கம் கேத்தலைப் போட்டுவிட்டு மறுபக்கம் பார்த்தால் 195. கேத்தலை நிறுத்தினால் மறுபடி 222. இப்போது எந்த வோல்ட்டை வைத்துக் கணக்குப் போடுவது? கேத்தல் பழுதா?

கொட்டகலை டீச்சர் | ஞாயிறு, இரவு 8.50

தம்பி, தங்கச்சியின் கணக்கில் பிழை இல்லை, ஆனால் அந்த அச்சடித்த வரியை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதில் இரண்டு சோடி இருக்கிறது. 220 வோல்ட் கொடுத்தால் 1850 வாட், 240 வோல்ட் கொடுத்தால் 2200 வாட். வலு = வோல்ட்டின் வர்க்கம் ÷ தடை என்பதைத் திருப்பிப் போட்டால் தடை = வோல்ட்டின் வர்க்கம் ÷ வலு. 220 × 220 ÷ 1850 = 26.16. 240 × 240 ÷ 2200 = 26.18. இரண்டும் ஒன்றே. கேத்தலுக்குள் இருப்பது ஏறக்குறைய 26.2 ஓம் கொயில், அவ்வளவுதான். வாட் என்பது கேத்தலுக்குள் அடைத்து வைத்த பொருள் இல்லை, அதற்கு எத்தனை வோல்ட் கிடைக்கிறதோ அதைப் பொறுத்து வருவது. வகுப்பில் நான் படித்துப் படித்துச் சொல்லும் இடம் இது. பிள்ளைகள் 2000 வாட் என்று பார்த்ததும் அதை மாறாத எண்ணாகப் பிடித்துக்கொள்கிறார்கள், மாறாதது 26.2 ஓம்.

உங்கள் குசினியில் கேத்தல் ஓடும்போது கிடைப்பது 195 வோல்ட். 195 ÷ 26.2 = 7.44 அம்பியர். 195 × 7.44 = 1451 வாட். 230 வோல்ட் கிடைத்தால் அதே கொயில் 2019 வாட் கொடுக்கும். 2019 ÷ 1451 = 1.39. சித்தி வீட்டு நாலரை நிமிடத்தை 1.39 ஆல் பெருக்கினால் 6.26 நிமிடம், அதாவது ஆறேகால்! தங்கச்சியின் போன் நேரமும் மீட்டரும் ஒரே கதையைச் சொல்கின்றன. கேத்தல் நல்ல கேத்தல், புதிது வாங்க வேண்டாம். வோல்ட் 15 வீதம் குறைந்தால் வலு 28 வீதம் குறைகிறது, வர்க்கம் என்பதால்.

வெறும் தடையை நேரே பார்க்க ஆசையென்றால் கேத்தலைச் சுவரிலிருந்து கழற்றி, ஆற விட்டு, சுவிட்சைப் போட்ட நிலையில் பிளக்கின் இரண்டு முனைக்கும் நடுவே ஓம் பாருங்கள். அதற்கு முன் மீட்டரின் இரண்டு கம்பியையும் ஒன்றோடு ஒன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அதைக் கழிக்க வேண்டும்.

நோர்வூட் தம்பி | ஞாயிறு, இரவு 9.20

பார்த்தேன் டீச்சர். 26.3 காட்டியது, கம்பிகளை மட்டும் தொட்டால் 0.4. ஆக 25.9 ஓம். கொயில் பலவீனம் இல்லை என்பது விளங்கிவிட்டது, மிக்க நன்றி.

மஸ்கெலியா மழை | ஞாயிறு, இரவு 9.45

தோட்டத்துப் பக்கம் வோல்டேஜ் இப்படித்தான் தம்பி, இதில் புதிது ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் மவுசாக்கலை நீர்த்தேக்கம் தெரிகிறது, அந்தத் தண்ணீர்தான் கெனியன் மின் நிலையத்தைச் சுற்றுகிறது, அந்தப் பக்கம் காசல்ரீ தண்ணீர் விமலசுரேந்திர நிலையத்தைச் சுற்றுகிறது, அப்புறம் லக்ஷபான, பொல்பிட்டிய என்று இறங்கிப் போய்க் கொழும்பு வரை வெளிச்சம் கொடுக்கிறது. நம் காம்பராவில் அந்திக்கு டியூப் லைட் பற்ற மூன்று தரம் கண் சிமிட்டும். இதை யாரிடம் சொல்வது? ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கி மாட்டுங்கள், 230 ஆக்கித் தரும், வேலை முடிந்தது.

பண்டாரவளை வயரிங் | ஞாயிறு, இரவு 10.10

மாட்டாதீர்கள்! தயவு செய்து இப்போதைக்கு மாட்டாதீர்கள். இருபது வருடமாக வயரிங் வேலை செய்கிறேன், அதனால் வற்புறுத்திச் சொல்கிறேன், காரணத்தையும் கணக்காகவே தருகிறேன்.

எல்லாரும் கேத்தலைப் பார்க்கிறீர்கள். நான் பார்ப்பது காணாமல் போன 27 வோல்ட்டை. 222 இருந்தது 195 ஆனது. இந்த 27 வோல்ட்டும் எங்கேயோ ஒரு தடையின் மேல்தான் விழுந்திருக்கிறது, அந்தத் தடை கேத்தலோடு தொடராக இருப்பதால் அதன் வழியாகவும் அதே 7.44 அம்பியர்தான் ஓடுகிறது. 27 ÷ 7.44 = 3.63 ஓம். 27 × 7.44 = 201 வாட். தண்ணீரைச் சுட வைக்காமல், வேறெங்கோ, 201 வாட் வெப்பமாகிறது. அது ரோட்டு லைனில் நீளமாகப் பரவியிருந்தால் வீட்டுக்கு ஆபத்து இல்லை. உங்கள் கூரைக்குள் ஒரு ஜொயின்ட்டில் குவிந்திருந்தால் அது வேறு விஷயம்.

இப்போது ஸ்டெபிலைசரை அந்தப் பிளக்கில் மாட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். அது கேத்தலுக்கு 230 கொடுக்கும், கேத்தல் 2019 வாட் எடுக்கும். ஸ்டெபிலைசர் அந்த 2019 வாட்டையும் அதே 3.63 ஓம் பாதை வழியாகத்தான் இழுக்க வேண்டும். கணக்குப் போட்டால் அம்பியர் 11.1 க்கு ஏறுகிறது, பிளக்கில் வோல்ட் 182 க்கு இறங்குகிறது. பாதையில் வீணாகும் வெப்பம் 11.1 × 11.1 × 3.63, ஏறக்குறைய 447 வாட். 201 ஆக இருந்தது இரண்டு மடங்குக்கு மேல். தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், கூரைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது.

முதலில் அந்த 27 வோல்ட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும், வீட்டுக்கு வெளியே எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்று. மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறக்க வேண்டாம், மீட்டர் சீலைத் தொடவே வேண்டாம். மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஏதாவது பிளக் இருக்கிறதா?

நோர்வூட் தம்பி | ஞாயிறு, இரவு 10.25

முன் காம்பராவில் இருக்கிறது அண்ணே, மெயின் சுவிட்சுக்குக் கீழேயே, பழைய 5 அம்பியர் உருண்டைப் பிளக். டிவிக்குப் பாவிப்பது. குசினி பின்னால், இடையில் ஒரு காம்பரா.

பண்டாரவளை வயரிங் | ஞாயிறு, இரவு 10.40

அது போதும். தங்கச்சி குசினியில் கேத்தலைப் போடட்டும், நீங்கள் முன்னால் மீட்டரோடு நில்லுங்கள். போடுவதற்கு முன் ஒரு எண், போட்டதும் ஒரு எண். பக்கத்துக் காம்பராக்காரர் அதே நேரத்தில் எதையாவது போட்டாலும் எண் ஆடும், அதனால் ஐந்து தரமாவது செய்யுங்கள். அந்தியில் செய்யாதீர்கள், காலை பத்து மணி போல, ஆட்கள் மலைக்குப் போன பிறகு செய்யுங்கள். மீட்டர் கம்பியின் உறை வெடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, செருப்புப் போட்டு, ஒரு கையால். மீட்டரை வோல்ட் பக்கம் வைத்திருப்பதை இரண்டு தரம் பாருங்கள். அம்பியர் ஓட்டையில் கம்பியை விட்டு எக்காரணம் கொண்டும் பிளக்குக்குள் நுழைக்காதீர்கள், அம்பியர் பக்கம் மீட்டருக்குத் தடையே இல்லாத மாதிரி, நேரே ஷோட் ஆகிவிடும்.

ஸ்டோர் மோட்டார் | திங்கள், காலை 5.50

தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், மின்சாரப் பராமரிப்பு வேலை எனக்கு, இரவு முறை முடிந்து இப்போதுதான் பார்த்தேன். அம்பியரை ஒரு கம்பியும் தொடாமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, தங்கச்சிக்கும் பிடிக்கும். வீட்டு மின்மானி புதிய மாதிரி என்றால் முகத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று எழுதியிருக்கும். 1600 என்று இருந்தால் 1600 மினுங்கலுக்கு ஒரு யூனிட். ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணித்தியாலம், 3600 விநாடி, அதாவது 36 இலட்சம் யூல். 1600 ஆல் வகுத்தால் ஒரு மினுங்கலுக்கு 2250 யூல். எத்தனை விநாடிக்கு ஒரு மினுங்கல் என்று பார்த்து 2250 ஐ அதால் வகுத்தால் வீடு முழுவதும் அந்த நேரத்தில் எடுக்கிற வாட் வந்துவிடும். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கேத்தல் மட்டும் ஓடும்போது 20 மினுங்கலுக்கு நேரம் பிடியுங்கள்.

கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னும் சுலபம், ஆனால் கேத்தல் வயர் முழுவதையும் கவ்வினால் சைபர் காட்டும். போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும், ஒற்றைக் கம்பியைத்தான் கவ்வ வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் எல்லாரும் முதல் நாள் இதில் மாட்டுவார்கள்.

நோர்வூட் தம்பி | திங்கள், பகல் 11.30

செய்தோம். இன்று பாடசாலை இல்லை, அதனால் தங்கச்சி உதவிக்கு இருந்தாள். ஆறு தரம் பார்த்தோம், ஒரு தரம் யாரோ நடுவில் ஏதோ போட்டுவிட்டார்கள், அதை விட்டுவிட்டேன். மற்ற ஐந்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி.

முன் பிளக், கேத்தல் போடாமல் 222. போட்டால் 213. அதே நேரம் குசினியில் 195.

மின்மானியில் 1600 என்றுதான் இருக்கிறது. 20 மினுங்கலுக்கு இருபத்தெட்டரை விநாடி. ஒன்றுக்கு 1.425 விநாடி. 2250 ÷ 1.425 = 1579 வாட். அதை முன் பக்க வோல்ட் 213 ஆல் வகுத்தால் 7.41 அம்பியர். டீச்சர் கேத்தல் பக்கமிருந்து போட்ட கணக்கில் 7.44! தங்கச்சி துள்ளிக் குதித்தாள், கொப்பியில் பெட்டி கட்டி எழுதியிருக்கிறாள்.

பண்டாரவளை வயரிங் | திங்கள், பகல் 12.15

அருமை. இரண்டு பக்கமிருந்து வந்தும் ஒரே அம்பியர், ஆக எண்களை நம்பலாம். இனிப் பிரிப்போம்.

வெளியே 222 – 213 = 9 வோல்ட். 9 ÷ 7.44 = 1.21 ஓம், 67 வாட். டிரான்ஸ்ஃபோமரில் இருந்து உங்கள் லயம் வரை உள்ள கம்பி அது. அதை நீங்களும் நானும் தொட முடியாது.

உள்ளே 213 – 195 = 18 வோல்ட். 18 ÷ 7.44 = 2.42 ஓம். 134 வாட். இது உங்கள் கூரைக்கு அடியில்.

இப்போது கேள்வி, வயர் மெல்லியதாக இருப்பதால் மட்டும் 2.42 ஓம் வருமா? மெயின் சுவிட்சில் இருந்து குசினி வரை எத்தனை மீட்டர், எந்த வயர்?

நோர்வூட் தம்பி | திங்கள், பகல் 12.50

22 மீட்டர் போல வரும் அண்ணே, சுவர் ஓரமாக ஏறிக் கூரை வழியாகச் சுற்றிப் போகிறது. வயரில் 1 சதுர மில்லிமீட்டர் என்று இருக்கிறது. முதலில் குசினியில் ஒரு பல்ப்புக்காக இழுத்தது, பிறகு அப்பா அதிலேயே பிளக்கும் போட்டுவிட்டார்.

பண்டாரவளை வயரிங் | திங்கள், பகல் 1.10

நினைத்தேன். லயத்து வீடுகளில் முக்கால்வாசி இந்தக் கதைதான், பல்ப்புக்கு இழுத்த வயரில் கேத்தல் ஓடுகிறது. 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிக்கு 1000 மீட்டருக்கு 18.1 ஓம். போக 22, வர 22, மொத்தம் 44 மீட்டர். 0.8 ஓம். அதில் விழுவது 6 வோல்ட், 44 வாட், அதுவும் 22 மீட்டர் முழுவதும் பரவி. வயர் கொஞ்சம் இளஞ்சூடாகும், அவ்வளவுதான்.

2.42 இல் 0.8 போனால் மிச்சம் 1.6 ஓம். அது வயர் இல்லை. ஜொயின்ட், பிளக் பொயின்ட், சுவிட்ச், இவற்றில் ஒன்றோ இரண்டோ. 7.44 × 7.44 × 1.6 = ஏறக்குறைய 89 வாட். ஒரு சோல்டரிங் அயன் 40 வாட். கேத்தல் ஓடுகிற ஒவ்வொரு தரமும் உங்கள் கூரைச் சலாகையில் இரண்டு சோல்டரிங் அயனைச் செருகி வைத்தது போல.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே, விழுந்துவிடாதா என்று கேட்பீர்கள். விழாது. கரண்ட் மண்ணுக்குக் கசிந்தால்தான் ட்ரிப் சுவிட்ச் விழும், இங்கே போன கரண்ட் முழுவதும் ஒழுங்காகத் திரும்பி வருகிறது. சின்ன பிரேக்கர் கரண்ட் கூடினால் விழும், இங்கே கரண்ட் குறைந்தல்லவா இருக்கிறது. இரண்டுக்கும் இந்தப் பழுது கண்ணுக்கே தெரியாது. லயத்தில் கூரை எல்லாக் காம்பராவுக்கும் ஒன்று, ஒரு வீட்டில் பற்றினால் அந்த வீட்டோடு நிற்காது. இன்றைக்கே கேத்தலை அந்தப் பிளக்கில் போடுவதை நிறுத்துங்கள். பக்கத்தில் தெரிந்த வயரிங் ஆள் யாரையாவது கூப்பிட்டு, மெயினை நிறுத்தி, ஜொயின்ட் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நோர்வூட் தம்பி | திங்கள், மாலை 6.30

நிறுத்திவிட்டோம், விறகு அடுப்பில்தான் தண்ணீர் சுடுகிறது. நாளை மாமா ஒருவர் வருகிறார், வயரிங் தெரிந்தவர். தங்கச்சி ஒன்று கேட்க வேண்டுமாம், அவளே எழுதுகிறாள்.

டீச்சர், ஒரு வாய்ப்பாட்டில் வலு = அம்பியரின் வர்க்கம் × தடை. அப்படியென்றால் தடை கூடினால் வெப்பம் கூட வேண்டும். மற்ற வாய்ப்பாட்டில் வலு = வோல்ட்டின் வர்க்கம் ÷ தடை. அப்படியென்றால் தடை கூடினால் வெப்பம் குறைய வேண்டும். வயரிங் அண்ணன் ஜொயின்ட்டில் தடை கூடியதால் சூடு கூடியது என்கிறார். ஆனால் கேத்தலில் தடை குறைந்த கொயில் போட்டால்தான் சூடு கூடும் என்று எங்கள் பாடப் பயிற்சியில் இருக்கிறது. எது சரி? இரண்டு நாளாக மண்டை குடைகிறது.

கொட்டகலை டீச்சர் | திங்கள், இரவு 7.40

மகள், இந்தக் கேள்வியை என் வகுப்பில் வருடத்துக்கு ஒரு பிள்ளை கேட்டால் எனக்குப் பெரிய சந்தோசம். கேட்காத பிள்ளைகள் இரண்டு வாய்ப்பாட்டையும் பாடமாக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இரண்டு வாய்ப்பாடும் எப்போதும் சரி. ஒரே தடைக்கு, அதன் மேல் உள்ள வோல்ட்டையும் அதன் வழியே ஓடும் அம்பியரையும் போட்டால் இரண்டிலும் ஒரே விடை வரும். கேத்தலுக்குப் போட்டுப் பார்: 7.44 × 7.44 × 26.2 = 1450. 195 × 195 ÷ 26.2 = 1451. தசமத்தை வெட்டியதில் வந்த வித்தியாசம் மட்டும். குழப்பம் எங்கே வருகிறது என்றால், தடையை மாற்றும்போது மற்றது மாறாமல் நிற்கும் என்று நாம் மனதுக்குள் வைத்துக்கொள்கிறோமே, அங்கே. தடை கூடினால் என்று சொல்லும்போதே உன்னை நீ கேட்க வேண்டும், எது மாறாமல் நிற்கிறது?

கேத்தலின் கொயிலை மாற்றினால் சுவரிலிருந்து வரும் வோல்ட் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. அதனால் வோல்ட்டின் வர்க்கம் ÷ தடை என்று பார்ப்பது சுலபம், தடை குறைந்தால் வலு கூடும். ஜொயின்ட் அப்படி இல்லை. ஜொயின்ட்டின் மேல் 222 வோல்ட் நிற்கவில்லை, அதற்குக் கிடைப்பது ஏதோ சில வோல்ட். அதன் வழியே எத்தனை அம்பியர் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது 26.2 ஓம் கேத்தல். ஜொயின்ட் 0.1 ஓமாக இருந்தாலும் 1.6 ஓமாக இருந்தாலும் கரண்ட் 7 க்கும் 8 க்கும் இடையில்தான் ஆடும். அங்கே ஏறக்குறைய மாறாதது அம்பியர். அதனால் அம்பியரின் வர்க்கம் × தடை. தடை பதினாறு மடங்கு ஆனால் சூடும் ஏறக்குறைய பதினாறு மடங்கு.

பரீட்சையில் தொடரில் இணைத்த இரண்டு தடையில் எது கூடச் சூடாகும் என்று கேட்டால் பெரிய தடை, ஏனென்றால் கரண்ட் பொது. சமாந்தரமாக இணைத்தால் சின்ன தடை, ஏனென்றால் வோல்ட் பொது. உன் வீட்டில் ஜொயின்ட்டும் கேத்தலும் தொடர். கேத்தலும் முன் காம்பரா டிவியும் சமாந்தரம்.

மஸ்கெலியா மழை | திங்கள், இரவு 8.30

ஸ்டெபிலைசர் பற்றி நான் சொன்னது பிழை, ஏற்றுக்கொள்கிறேன், அந்த 447 வாட் கணக்கைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது, ஏனென்றால் எங்கள் வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டிக்கு ஒன்று மாட்டியிருக்கிறேன். ஆனால் என் முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மின் நிலையம் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது நமக்கு ஏன் வோல்ட் குறைகிறது? இதே வோல்ட்–அம்பியர் கணக்கில் இதற்குப் பதில் இருக்கிறதா?

ஸ்டோர் மோட்டார் | செவ்வாய், அதிகாலை 1.20

இருக்கிறது தம்பி. புதிய லக்ஷபான 1974 இல் ஓடத் தொடங்கியபோது 100 மெகாவாட். இதை நம் வீட்டு லைன் மாதிரி 400 வோல்ட் மூன்று பேஸில் அனுப்பினால் ஒவ்வொரு கம்பியிலும் 1,44,000 அம்பியர் ஓட வேண்டும். அவ்வளவு கம்பி உலகத்தில் எந்த மலையிலும் இழுக்க முடியாது. 1,32,000 வோல்ட்டுக்கு ஏற்றி அனுப்பினால் 437 அம்பியர்தான். அம்பியர் 330 மடங்கு குறைகிறது, அதே கம்பியில் வீணாகும் வெப்பம் 330 இன் வர்க்கம், ஒரு இலட்சம் மடங்குக்கு மேல் குறைகிறது. மலையில் தண்ணீர் விழுகிற இடத்தில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இலேயே கட்டுரை வாசித்தார், அதற்குப் பிறகு 1950 இல்தான் லக்ஷபானவில் முதல் மின்சாரம் வந்தது.

ஆனால் அந்த உயர் அழுத்தக் கம்பி நம் தலைக்கு மேலால் போகிறது, நம் வீட்டுக்குள் வருவதில்லை. நமக்கு வருவது கிட்டத்தில் உள்ள டிரான்ஸ்ஃபோமரில் இருந்து 400–230 வோல்ட் கம்பியில். இங்கே வோல்ட் குறைவு, அம்பியர் கூட, தூரம் நீளம். லயங்கள் ஒரு மலையில் ஒன்று, அடுத்த மலையில் ஒன்று என்று சிதறி இருக்கின்றன, டிரான்ஸ்ஃபோமர் ஸ்டோருக்குப் பக்கத்தில். மின் நிலையம் எவ்வளவு கிட்ட என்பது கணக்கில் வராது, டிரான்ஸ்ஃபோமர் எவ்வளவு கிட்ட, கம்பி எவ்வளவு தடிப்பு என்பதுதான் வரும். நியாயமான மனவருத்தம்தான் உங்களுடையது, அதற்குச் சேர வேண்டிய இடம் அந்தக் கம்பி.

குளிர்சாதனப் பெட்டியைச் சொன்னீர்கள், அதனால் ஒரு எச்சரிக்கை. வோல்ட் ÷ அம்பியர் = தடை என்று கேத்தலுக்கு, அயனுக்கு, ஹீட்டருக்குப் போட்ட கணக்கை மோட்டாருக்குப் போடாதீர்கள். எங்கள் ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற தொட்டிகளுக்குப் பெரிய காற்றாடி இருக்கிறது. 15 கிலோவாட் மோட்டார் ஒன்று 400 வோல்ட்டில் 28 அம்பியர் போல எடுக்கும். மூன்று பேஸ் என்பதால் 1.732 × 400 × 28 = 19,400. அது வாட் இல்லை, மோட்டாரில் வோல்ட்டும் அம்பியரும் ஒரே கணத்தில் உச்சிக்குப் போவதில்லை, அதற்கான வலுக் காரணி 0.85 ஆல் பெருக்கினால்தான் 16,500 வாட், அதிலும் தண்டில் கிடைப்பது 15,000. மோட்டாரை நிறுத்திச் சுற்றின் தடையைப் பார்த்தால் கணக்குக்குச் சம்பந்தமே இல்லாத சின்ன எண் வரும். தொடங்கும் கணத்தில் ஆறேழு மடங்கு அம்பியர் எடுக்கும். எல்இடி பல்ப்பும் போன் சார்ஜரும் வேறு வகை, அவையும் ஓமின் விதிக்குள் அடங்காது.

பழைய இழை பல்ப் கூட ஏமாற்றும். 60 வாட், 230 வோல்ட் என்றால் 882 ஓம். கையில் வைத்து மீட்டரில் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்கும் வராது. இழை எரியும்போது இரண்டாயிரம் பாகைக்கு மேல் சூடு, அதனால் தடை ஏறிவிடுகிறது. கேத்தல் கொயில் வேறு உலோகம், சூட்டில் அதிகம் மாறாது, அதனால்தான் உங்களுக்கு 25.9 க்கும் 26.2 க்கும் இவ்வளவு கிட்ட வந்தது.

வட்டவளை அக்கா | செவ்வாய், காலை 7.00

எல்லாம் வாசித்தேன். வோல்ட் குறைவு என்றால் கரண்ட் பில் கூடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்கிறார்கள், உண்மையா?

பண்டாரவளை வயரிங் | செவ்வாய், காலை 7.35

கேத்தலுக்கு மட்டும் பார்த்தால் இல்லை அக்கா. மெதுவாக எடுக்கிறது, கூட நேரம் எடுக்கிறது, தண்ணீருக்குத் தேவையான யூனிட் ஏறக்குறைய அதேதான். கொஞ்சம் கூடுவது, நேரம் நீண்டதால் கேத்தல் சுவர் வழியாகக் குளிருக்குப் போகும் சூடு. ஆனால் தம்பி வீட்டு மாதிரி மின்மானிக்கு உள்ளே வீணாகிறதே 134 வாட், அது பில்லில் வரும். மின்மானி பார்ப்பது 1585 வாட், கேத்தலுக்குப் போவது 1451. கேத்தலுக்காகக் கட்டுகிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் எட்டரை ரூபாய் கூரையைச் சுட வைக்கிறது. மின்மானிக்கு வெளியே வீணாகும் 67 வாட் உங்கள் பில்லில் வராது.

நோர்வூட் தம்பி | புதன், இரவு 8.00

முடிந்தது. மாமா மெயினை நிறுத்திவிட்டு ஏறிப் பார்த்தார். தகரத்துக்கு அடியில், நடுக் காம்பராவின் சலாகையில், முறுக்கி வயர் டேப் சுற்றிய ஒரு ஜொயின்ட். டேப் உருகிக் கறுத்து உதிர்ந்து போயிருந்தது, செம்பு பச்சை பிடித்திருந்தது, விறகுப் புகையும் மழைக் காலத்து மூடுபனியும் சேர்ந்த வேலை என்றார் மாமா. சலாகையில் உள்ளங்கை அளவு இடம் கரி மாதிரி. விரல் வைத்தால் மாவாக வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார், அந்த இடத்துக்கு நேர் கீழேதான் தங்கச்சி படுக்கிறாள். இன்னொன்று குசினிப் பிளக்கில், ஒரு துவாரத்தின் பித்தளை விரிந்து, உள்ளே பிளாஸ்டிக் மஞ்சளாகிப் போயிருந்தது. வயரிங் அண்ணன் சொன்ன இரண்டு சோல்டரிங் அயனும் அங்கேதான் இருந்தன.

2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றை ஜொயின்ட் இல்லாமல் நேரே இழுத்து, புது 13 அம்பியர் பிளக் போட்டோம். பல்ப் பழைய வயரில் தனியாக, பழுதான ஜொயின்ட்டை வெட்டிக் கனெக்டர் போட்டு. இப்போது கேத்தல் ஓடும்போது குசினியில் 210. தங்கச்சி போடுகிற கணக்கு: 210 ÷ 26.2 = 8.0 அம்பியர், 1683 வாட். முன் பக்கம் 212. ஒன்றரை லீட்டர் ஐந்து நிமிடம் இருபத்தைந்து விநாடியில் கொதித்தது. மிச்சம் 10 வோல்ட் வெளியே விழுகிறது.

பண்டாரவளை வயரிங் | புதன், இரவு 8.20

நல்ல வேளை. மிகவும் நிம்மதியாக இருக்கிறது தம்பி. 2.5 க்கு 1000 மீட்டருக்கு 7.41 ஓம், 44 மீட்டருக்கு 0.33 ஓம், 8 அம்பியரில் 2.6 வோல்ட். கணக்குக்குச் சரியாக வந்திருக்கிறது, ஆக வேறு ஒளிந்த ஜொயின்ட் இல்லை.

வெளிப் பக்கத்துக்கு இனி எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். நம் நாட்டில் 230 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 6 வீதம் வரை போகலாம், கீழ் எல்லை 216. ஒரு கேத்தல் போட்டதும் வாசலில் 212 என்றால் எல்லைக்குக் கீழே. வோல்டேஜ் குறைவு என்று மட்டும் எழுதினால் யாரும் பார்ப்பதில்லை. 8 அம்பியர் எடுக்கும்போது 222 இல் இருந்து 212, லைனின் தடை 1.2 ஓம் என்று எழுதுங்கள், நேரத்தையும் போடுங்கள். அந்தி ஏழு மணிக்கும் ஒரு அளவு எடுத்துச் சேருங்கள்.

மஸ்கெலியா மழை | புதன், இரவு 9.05

எங்கள் லயத்திலும் பார்க்கத் தொடங்கிவிட்டேன். பன்னிரண்டு காம்பராவில் இன்று மூன்று பார்த்தோம். ஒன்றில் உள்ளே மட்டும் 22 வோல்ட் விழுகிறது, அவர்களைப் பிளக்கைப் பாவிக்க வேண்டாம் என்று சொல்லி நாளை ஆள் வரச் சொல்லியிருக்கிறோம். மிச்ச ஒன்பதும் ஞாயிறு.

கொட்டகலை டீச்சர் | புதன், இரவு 9.30

தம்பி, மகள், இந்த எண்களை வகுப்பில் பயிற்சியாகக் கொடுக்க விரும்புகிறேன், உங்கள் பெயர் இல்லாமல். ஒன்று மட்டும் கேட்க வேண்டும், அந்த 22 மீட்டர் அளந்ததா, கண் மதிப்பா?

நோர்வூட் தம்பி | புதன், இரவு 9.50

தாராளமாகக் கொடுங்கள் டீச்சர். முதலில் சொன்னது கண் மதிப்புதான். பழைய வயர் போகிற வழியை இன்று மாமாவும் தங்கச்சியும் அளந்தார்கள். 21 மீட்டர் 70.